மின்சாரக் காரில் தண்ணீர்மலைக்குப் போகலாமா?

நேயர்களே, தம்பின் வட்டாரத்தில் நாற்பது வயதைத் தாண்டிய எவரையும் கேட்டுப் பாருங்கள். பினாங்குத் தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு காரில் போன கதை ஒன்று அவர்களிடம் கட்டாயம் இருக்கும். அது டாட்சன் 120ஒய் காராக இருக்கலாம், மோரிஸ் மைனராகவும் இருக்கலாம். ஐந்து பேர் உட்காரும் வண்டியில் எட்டுப் பேர். பின்பெட்டியில் புளிச்சோற்று அண்டா, பாய், ஒரு கலன் தண்ணீர். தண்ணீர் நமக்கல்ல, ரேடியேட்டருக்கு! சிரம்பான், கோலாலம்பூர், தஞ்சோங் மாலிம், தாப்பா, ஈப்போ, கோலகங்சார், தைப்பிங் என்று பழைய சாலையில் ஒவ்வோர் ஊராக நுழைந்து வெளியேறி, பட்டர்வொர்த்தில் பெரிக்காகக் காத்துக் கிடந்து, தீவில் கால் வைக்கும்போது ஒரு பகல் போயிருக்கும். பினாங்குப் பாலம் 1985-இல்தான் திறந்தார்கள். புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை 772 கிலோமீட்டர் நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்தது 1994-இல்.

இப்போது அதே பயணத்தைப் பற்றி ஒரு புதிய கேள்வி எழுந்திருக்கிறது. எழுப்பியவன் என் தங்கை மகன். செனவாங் தொழிற்சாலையில் வேலை. நாள்தோறும் தம்பினிலிருந்து போக ஐம்பது, வர ஐம்பது என்று 100 கிலோமீட்டர் ஓடுகிறான். "மாமா, நான் மின்சாரக் கார் எடுக்கப் போறேன்" என்றான். என் மச்சான், அவன் தகப்பனார், தோட்டத்தில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர், உடனே குறுக்கிட்டார்: "எண்ணெய் தீர்ந்தா கலன்ல வாங்கி ஊத்திக்கலாம். கரண்டு தீர்ந்தா எதுல வாங்கி ஊத்துவே? உங்க பாட்டியை நடுரோட்டுல இறக்கி விடுவியா?"

பையன் பதில் சொல்லத் திணறினான். எனக்கும் அன்று பதில் தெரியவில்லை. ஆனால் கேள்வி நியாயமானது. நம்மில் பலருக்கு வீட்டில் ஒரே கார். அதுதான் வேலைக்குப் போகிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிறது, பத்துமலைக்கும் தண்ணீர்மலைக்கும் போகிறது. ஒன்பது வருடக் கடனில் வாங்குவது. தவறிப்போனால் மாற்றிக்கொள்ள முடியாது.

முதல் நெடும் பயணமும் குடும்பப் பயணமே

ஒரு சிறு கதையைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். மோட்டார் காரைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமலே வண்டியை எடுத்துக்கொண்டு, தம் இரு பையன்களோடு மான்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த போர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். காரில் யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை. வழியில் எண்ணெய் தீர்ந்தது. பெட்ரோல் கடை என்ற ஒன்று உலகத்திலேயே இல்லாத காலம்! வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடைக்காரரிடம் துணியில் கறை போக்கும் திரவத்தை வாங்கி ஊற்றித்தான் போய்ச் சேர்ந்தார்.

"தீர்ந்தால் என்ன செய்வது" என்று என் மச்சான் கேட்டது அந்தக் கேள்வியேதான். பெட்ரோல் காருக்கு அதற்கு விடை கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. மின்சாரக் காருக்கு நம் நாட்டில் இப்போதுதான் விடை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

காகிதக் கணக்கு

புரோட்டோன் நிறுவனம் 2024 டிசம்பரில் தன் முதல் மின்சாரக் காரான இ.மாஸ் 7-ஐ வெளியிட்டது. அதன் உயர்ந்த வகையில் பேட்டரி 60 யூனிட் கொள்ளும். யூனிட் என்றால் நம் வீட்டு மின்கட்டணச் சீட்டில் வரும் அதே யூனிட்தான். ஒரு முறை நிரப்பினால் 410 கிலோமீட்டர் என்பது சோதனைக் கணக்கு. சோதனைக் கணக்கில் ஐந்து பேரும் சாமானும் ஏர்கண்டிஷனும் 110 வேகமும் இருக்காது. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதைவிட விரைந்து கூடும். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போனால் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 18 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 யூனிட்டில் 330 கிலோமீட்டர். அதையும் கடைசிச் சொட்டு வரை ஓட்ட யாருக்கும் நெஞ்சுரம் வராது. 15 விழுக்காடு மிச்சம் வைத்தால் 280.

தம்பினிலிருந்து பட்டர்வொர்த் ஏறக்குறைய 470 கிலோமீட்டர், பழைய கணக்கில் 300 கட்டைக்குக் கொஞ்சம் குறைவு. முதல் நிரப்பலில் தாப்பா பக்கம் போய்விடலாம். அங்கே ஒரு முறை நிரப்பினால் பட்டர்வொர்த். அதாவது ஒரே நிறுத்தம். விரைவுச் சார்ஜரில் 15-லிருந்து 80 விழுக்காடு ஏற அரை மணிக்குச் சற்று மேல் ஆகும்.

ஏன் 80-உடன் நிறுத்த வேண்டும் என்று கேட்பீர்கள். குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது கழுத்து வந்ததும் குழாயைச் சற்றுத் திருகிக் குறைப்போம் அல்லவா? பேட்டரியும் அப்படித்தான். கடைசி 20 விழுக்காட்டை மெதுவாகத்தான் ஏற்றும். அதற்காகக் காத்திருப்பது நேர விரயம். பின்னால் நிற்பவர் வயிற்றெரிச்சலும் சேரும்.

இதுவே சிறிய காராக இருந்தால் கணக்கு மாறும். 2025 அக்டோபரில் வந்த இ.மாஸ் 5 காரின் அடிப்படை வகைக்குப் பேட்டரி 30 யூனிட், சோதனைத் தூரம் 225 கிலோமீட்டர். விலை 60,000 வெள்ளிக்குள் இருந்ததால் நம் ஆட்கள் பலர் விசாரித்தார்கள். ஊர் ஓட்டத்துக்கு நல்ல வண்டி. ஆனால் அதில் பினாங்கு போனால் மூன்று முறை நிற்க வேண்டும். வாங்குமுன் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

சாலைக் கணக்கு

காகிதத்தில் எழுதியதைச் சாலையில் பார்த்துவிடலாம் என்று 2026 தைப்பூசத்துக்குக் கிளம்பினோம். பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை பூசம். மருமகப்பிள்ளை தன் தொழிற்சாலைச் சீன நண்பரிடம் நான்கு நாளைக்குக் காரை மாற்றிக்கொண்டான். 60 யூனிட் பேட்டரி. அவன், தங்கை, மச்சான், மச்சானின் தாயார், நான். அத்தைக்கு வயது 78, சர்க்கரை வியாதி, காலையில் ஊசி. வேளைக்குச் சாப்பிட்டாக வேண்டும். பழக்கத்தை விடாமல் தங்கை புளிச்சோறு கட்டினாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை 4 மணிக்குப் புறப்பட்டோம். சிம்பாங் அம்பாட்டில் நெடுஞ்சாலை ஏறினோம். சத்தமே இல்லை. அத்தை இரண்டு முறை, "வண்டி ஓடுதாப்பா?" என்று கேட்டார். மச்சான் சாலையைப் பார்க்கவில்லை. விழுக்காடு காட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார். கோலாலம்பூர் தாண்டும்போது 65. தஞ்சோங் மாலிமில் அவருக்கு வியர்க்கத் தொடங்கிவிட்டது.

பேராக்கில் ஓர் ஓய்விடத்தில் நிறுத்தியபோது 17 விழுக்காடு. அது எந்த இடம், யாருடைய நிலையம் என்பது இங்கே வேண்டாம். இரண்டு சார்ஜர்களில் ஒன்றின் திரை இருண்டு கிடந்தது. மற்றதில் ஒரு வண்டி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்க, இன்னொன்று எங்களுக்கு முன்னே காத்து நின்றது. கைப்பேசிச் செயலி இரண்டும் வேலை செய்வதாகத்தான் காட்டியிருந்தது. எங்கள் முறை வந்து சார்ஜ் ஏறி முடிய ஒன்றரை மணி நேரம்.

மச்சான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பதே அவருடைய பேச்சு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் அரை மணி யாருக்கும் வருத்தமாக இல்லை. அத்தைக்கு ஊசி போட்டு, மேசையில் துணி விரித்துப் புளிச்சோறும் முட்டையும் சாப்பிட்டோம். கழிவறைக்குப் போய் வந்தோம். எழுபது வயதுக்கு மேற்பட்டவரோடு போகும் குடும்பம் எந்தக் காரில் போனாலும் இரண்டரை மணிக்கு ஒரு முறை நின்றுதான் ஆகவேண்டும். மீதி ஒரு மணி நேரம்தான் பாரமாக இருந்தது. பெட்ரோல் காரில் எப்போது நிற்பது, எப்போது கிளம்புவது என்பது நம் கையில். மின்சாரக் காரில் அது நமக்கு முன்னால் நிற்பவர் கையில் இருக்கிறது.

ஈப்போவைத் தாண்டியதும் மெனோரா சுரங்கப் பாதைக்குப் போகும் ஏற்றத்தில் எண் கடகடவென்று இறங்கியது. மச்சான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். மலையின் அந்தப் பக்கம் இறக்கத்தில் எண் இறங்காமல் நின்று, ஒரு புள்ளி ஏறவும் செய்தது. இறக்கத்தில் சக்கரமே மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் டைனமோவாக மாறி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. சைக்கிள் டைனமோ பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இதை விளக்கவே தேவையில்லை. "அட!" என்றார் மச்சான். அன்று காலை அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல்.

பட்டர்வொர்த் சேர்ந்தபோது மணி 10:45. எங்கள் பழைய மைவியில் வந்திருந்தால் ஒரு மணி நேரம் முன்பே வந்திருப்போம்.

போய்ச் சேர்ந்த இடத்தில்

வழியைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். போய்ச் சேர்ந்த பிறகு இருக்கும் தொல்லையை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்கள் தங்கிய உறவினர் வீடு அடுக்குமாடியில் ஒன்பதாவது தளம். கார் கீழே வெட்டவெளியில். ஒன்பது மாடிக்குக் கம்பி இழுக்கவா முடியும்? தரை வீடாக இருந்தால் இரவில் சாதாரண மூன்று முனை பிளக்கிலேயே போட்டு வைத்திருக்கலாம். சனிக்கிழமை பேரங்காடி ஒன்றைத் தேடிப் போய், அங்கே ஒரு மணி நேரம் சுற்றி, வேண்டாத பாத்திரம் இரண்டு வாங்கிக்கொண்டு (தங்கையின் வேலை) திரும்பினோம். மலையடியில் கூட்டமோ கூட்டம். அங்கே காரை நிறுத்த இடம் கிடைப்பதே பாக்கியம்; சார்ஜ் போடுவதைப் பற்றி நினைக்கவே முடியாது.

இன்னொரு தொல்லை செயலிகள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு செயலி. பலவற்றில் முன்கூட்டியே பணம் போட்டு வைக்க வேண்டும். மருமகப்பிள்ளை கைப்பேசியில் ஐந்து வைத்திருந்தான். இளைஞனுக்கு இது விளையாட்டு. மச்சான் தனியாக ஓட்டிப் போயிருந்தால் என்ன செய்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். அரசாங்கம் 2025 முடிவுக்குள் நாடு முழுதும் 10,000 பொதுச் சார்ஜர்கள் என்று இலக்கு வைத்தது, அது எட்டப்படவில்லை.

காசுக் கணக்கு

"மின்சாரம் மலிவு" என்பது பாதி உண்மை. எந்த மின்சாரம் என்று கேட்க வேண்டும். வீட்டு மின்சாரம் யூனிட் சுமார் 45 காசு. நெடுஞ்சாலை விரைவுச் சார்ஜரில் ஒரு வெள்ளி இருபது காசிலிருந்து ஒரு வெள்ளி எண்பது காசு வரை கேட்கிறார்கள். ஏறத்தாழ மூன்று மடங்கு!

பினாங்கு போக மட்டும் எங்கள் செலவு, வீட்டில் ஏற்றியதற்குச் சுமார் 25 வெள்ளி, வழியில் 55-க்கு மேல், ஆக 80 வெள்ளி. பெட்ரோல் காரில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்றால் 34 லிட்டர். 2025 செப்டம்பர் 30-இல் தொடங்கிய புடி95 திட்டத்தின் 1 வெள்ளி 99 காசு விலையில் 67 வெள்ளி. நீண்ட பயணத்தில் பெட்ரோல் கார்தான் மலிவு, நேயர்களே! விற்பனையாளர் இதைச் சொல்ல மாட்டார். ஆனால் அந்த விலை குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான். நம் தோட்டங்களில் இன்னும் சிவப்பு அடையாளக் கார்டோடு இருக்கும் பெரியவர்கள் முழு விலை கொடுத்துத்தான் எண்ணெய் போடுகிறார்கள். இந்த மண்ணிலேயே உழைத்துத் தேய்ந்தவர்கள். அது வேறு கட்டுரைக்கான விஷயம். ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

அப்படியானால் மின்சாரக் காரால் லாபமே இல்லையா? உண்டு. அது அன்றாட ஓட்டத்தில் இருக்கிறது. செனவாங் போய் வர 100 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 15 வெள்ளி. வீட்டு மின்சாரம் 8 வெள்ளி. மாதம் 22 நாள் வேலைக்கு ஏறத்தாழ 150 வெள்ளி மிச்சம். எஞ்சின் எண்ணெய் மாற்றும் செலவும் இல்லை. சாதாரண பிளக்கில் இரவு பத்து மணி நேரம் போட்டால் 20 யூனிட் ஏறும். மறுநாள் ஓட்டத்துக்கு அது போதும்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 110,000 வெள்ளிக் காருக்குப் பத்து விழுக்காடு முன்பணம் கட்டி ஒன்பது வருடக் கடன் எடுத்தால் மாதத் தவணை 1,100 வெள்ளியை ஒட்டி வரும். பெரோடுவா பெஸ்ஸா 35,000-லிருந்து 50,000 வெள்ளிக்குள் வாங்கக்கூடிய கார். தவணை வித்தியாசத்தை 150 வெள்ளி ஈடுகட்டாது. சாலை வரி விலக்கும் 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. 2026 முதல் மோட்டாரின் கிலோவாட்டைப் பொறுத்து வரி உண்டு.

லயத்து வீடும் தாமான் வீடும்

பேட்டரியைவிட முக்கியம் உங்கள் வீடு. சொந்தத் தரை வீடு, வாசலில் கார் நிறுத்த இடம், கம்பிகள் நல்ல நிலையில் இருந்தால் மின்சாரக் காரைப் பற்றி யோசிக்கலாம். தோட்டத்து லயத்தில் இருப்பவருக்கு வீடே தம்முடையதல்ல. ஒரு சாக்கெட் கூடுதலாகப் போடவும் நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். பழைய கம்பியில் இரவெல்லாம் பத்து ஆம்பியர் ஓடினால் பிளக் சூடாகி உருகும், தீயும் பிடிக்கலாம். நீட்டிப்புக் கம்பியில் காரைச் சார்ஜ் போடவே போடாதீர்கள். மலிவு வீட்டு அடுக்குமாடிக்காரர்கள் நிலையும் அதேதான். வீட்டில் சார்ஜ் போட வழியில்லாதவர் எப்போதும் மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். அவருக்கு இப்போதைக்கு இது சரிவராது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

நோர்வே நாட்டில் 2024-இல் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது மின்சாரக் கார்கள் என்பார்கள். உண்மைதான். அங்கே பெரும்பாலோர் வீட்டு வாசலிலேயே சார்ஜ் போடுகிறார்கள். இந்தியாவில் 2023 பிப்ரவரியில் டாட்டா நெக்ஸான் மின்சாரக் கார் ஒன்று காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை 4,003 கிலோமீட்டரை 95 மணி 46 நிமிடத்தில் ஓடி முடித்தது. மெச்ச வேண்டிய சாதனைதான். ஆனால் பின்னிருக்கையில் சர்க்கரை வியாதிப் பாட்டி இல்லை.

இன்னொரு வழியும் நம் வாசலிலேயே இருக்கிறது. சிரம்பான் - கிம்மாஸ் இரட்டை ரயில் பாதை 2013-இல் மின்மயமானது. பூலாவ் செபாங் நிலையத்தில் ஈ.டி.எஸ். ரயில் நிற்கிறது. தம்பின்காரருக்கு மின்சாரத்தில் ஓடும் நெடும் பயணம் ஏற்கெனவே வந்துவிட்டது. பூசக் காலத்தில் டிக்கெட் கிடைப்பது கடினம் என்பதால் முந்திப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவே. ஊர் ஓட்டத்துக்குச் சிறிய மின்சாரக் கார், பினாங்குக்கு ரயில் என்று வைத்துக்கொண்டால் என் கணக்குக்கு அதுதான் சரியாக வருகிறது.

திரும்பி வரும்போது கூட்டத்துக்குப் பயந்து ஞாயிறு இரவு தங்கி, திங்கட்கிழமை விடியுமுன் கிளம்பினோம். சார்ஜருக்குக் காத்திருக்கவில்லை. அதே ஓய்விடம், இரண்டாவது சார்ஜரின் திரை எரிந்துகொண்டிருந்தது. 35 நிமிடத்தில் வேலை முடிந்தது. அத்தை மட்டும் குறைப்பட்டுக்கொண்டார், காப்பியை ஆற்றிக் குடிக்க நேரம் தரவில்லையாம்.

போன வாரம் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏணி போட்டு, கம்பிக்காரர் ஒருவர் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மருமகப்பிள்ளை வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. நான் மச்சானைப் பார்த்தேன். "நான் காரெல்லாம் வாங்கச் சொல்லலை" என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "ஒயர் பழசாச்சே, சும்மா பார்க்கச் சொன்னேன்."